சாண் உருவில் ஓர் அச்சம்

அச்சம் என்னும் மெய்ப்பாட்டுக்கு நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியம் வகுத்துக் கூறுகிறது. அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அவை. இந்நான்கனுள் அணங்கே முதலில் நிற்கிறது. கண்ணெதிரே நிற்கும் விலங்கையும் கள்வரையும் தலைவரையும் விட, கண்ணுக்குப் புலனாகாத ஒன்றே மனிதனைப் பெரிதும் நடுங்கச் செய்கிறது. அந்த ஒன்றுக்கு முகமும் கையும் காலும் அமைத்து வடிவம் கொடுத்துவிட்டால் அச்சம் பாதி தணிந்துவிடுகிறது. அவ்வடிவத்தையே சாண் அளவாகச் சுருக்கி உள்ளங்கையில் ஏந்திக்கொண்டால் எஞ்சிய பாதியும் விளையாட்டாகிவிடுகிறது. நவராத்திரிக் கொலுப் படியில் மகிடாசுரனைக் கண்டு அஞ்சும் குழந்தை இல்லை. அவனுடைய மீசையைத் தொட்டுப் பார்க்க விரும்பும் குழந்தைகளே உண்டு.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வழக்கத்தில் ஒரு புதுமை புகுந்தது. அச்சத்துக்கு வடிவம் கொடுக்கும் பணியைத் திரைப்படம் மேற்கொண்டது. அவ்வடிவத்தைச் சிற்றுருவமாக்கி விற்கும் பணியைத் தொழிற்சாலைகள் மேற்கொண்டன. அதன் பயனாக, முன்னர் எவரும் கேட்டிராத கேள்வி ஒன்று எழுந்தது. பேயின் முகம் யாருக்குச் சொந்தம்? அக்கேள்வியின் வரலாறு அமெரிக்காவில் நிகழ்ந்தது. எனினும் மலாக்கா மண்ணில் வாழும் தமிழருக்கும் அதில் கற்கத்தக்க பாடம் ஒன்று உண்டு.

உரிமையாளர் இல்லாத பேய்கள்

மலாக்காவில் 1796ஆம் ஆண்டு பிறந்த முன்ஷி அப்துல்லா மலாய் உரைநடையின் தந்தை எனப் போற்றப்படுபவர். ஏமன் நாட்டிலிருந்து நாகூருக்கு வந்து அங்கே மணம் புரிந்துகொண்ட அரபியர் ஒருவரின் வழித்தோன்றல் அவர். அந்நாளைய மலாக்காவில் வணிகக் கணக்குகள் தமிழில் எழுதப்பட்டு வந்தமையால், வசதியுடைய வீட்டுப் பிள்ளைகள் தமிழ் பயில்வது வழக்கம்; அப்துல்லாவும் தமிழ் பயின்றார். 1849இல் அச்சேறிய அவருடைய தன்வரலாறான ‘ஹிக்காயத் அப்துல்லா’வில், மலாய் மக்கள் அஞ்சிய பெனாங்காலான், போலோங் ஆகிய பேய்களைப் பற்றிய விளக்கம் இடம்பெற்றுள்ளது. உடலை விட்டுத் தலை மட்டும் கழன்று குடல் தொங்கப் பறந்து செல்லும் பெண் வடிவமே பெனாங்காலான். தாம் கேட்டறிந்த நம்பிக்கைகளை ஐரோப்பியர் ஒருவருக்கு விளக்கிச் சொன்ன முறையிலேயே அப்துல்லா அவற்றைப் பதிவு செய்கிறார்.

பிள்ளைப்பேற்றின்போது இறந்த பெண் பொந்தியானாக் ஆவாள் என்பதும், அவள் பிடரியில் ஆணி அறைந்தால் மீண்டும் அழகிய மங்கையாகிவிடுவாள் என்பதும் மலாய் மக்களின் நம்பிக்கை. ஜாசினிலும் அலோர் காஜாவிலும் ரப்பர்த் தோட்டங்களில் குடியேறிய தமிழர்கள், தம் ஊர்க் காட்டேரியையும் முனியையும் உடன் கொண்டுவந்தனர். வந்த இடத்தில் பொந்தியானாக்கையும் அறிந்துகொண்டனர். வாழைத்தோப்பைத் தாண்டி இருட்டில் பால்வெட்டப் புறப்பட்டவர்களுக்கு எந்தப் பேய் எந்த மொழி பேசும் என்ற ஆராய்ச்சி தேவைப்படவில்லை. தோட்டத்து எல்லையில் முனியாண்டிக்குச் சிறு மாடம் எழுப்பி, அச்சந்தரும் அவ்வுருவத்தையே காவலாக நிறுத்திக்கொண்டனர்.

இப்பேய்கள் எவையும் எவருடைய உடைமையும் அல்ல. பாட்டி ஒருமுறை சொன்னால் நகம் நீளும். மாமன் சொன்னால் கூந்தல் நீளும். சொல்பவர்க்கு ஏற்ப வடிவம் மாறிக்கொண்டே இருந்தது. மாறாத ஒரே முகம் வேண்டும் என்ற நிலையைத் திரைப்படமே முதலில் தோற்றுவித்தது.

ஒரு முகம் உருவான கதை

ஆங்கில எழுத்தாளர் மேரி ஷெல்லி, தம் பதினெட்டாம் வயதில், 1816இல் ஜெனிவா ஏரிக்கரையில் தொடங்கிய ‘பிராங்கன்ஸ்டைன்’ என்னும் புதினம் 1818இல் லண்டனில் வெளிவந்தது. பிணங்களின் உறுப்புகளைக் கொண்டு அறிவியலார் ஒருவர் உயிர்ப்பிக்கும் உருவமே அக்கதையின் நடுநாயகம். அவ்வுருவத்துக்கு மஞ்சள் படர்ந்த தோல், நீண்ட கருங்கூந்தல், வெண்மையான பற்கள் ஆகியவற்றையே நூலாசிரியர் கூறுகிறார். உலகம் இன்று அறிந்திருக்கும் தட்டைத் தலையும் கழுத்தின் இருபுறமும் துருத்தி நிற்கும் ஆணிகளும் நூலில் இல்லை.

அவை 1931இல் யுனிவர்சல் நிறுவனம் எடுத்த திரைப்படத்தில் பிறந்தவை. இயக்கியவர் ஜேம்ஸ் வேல். ஒப்பனை செய்தவர் ஜாக் பியர்ஸ் என்னும் கிரேக்கக் குடியேறி. மருத்துவர் ஒருவர் மூளையைப் பொருத்த வேண்டுமானால் எளிய வழி எதுவெனப் பியர்ஸ் சிந்தித்தார். மண்டையைப் பானையின் மூடி போல நேராக அறுத்துத் திறந்து மூடுவதே எளிது என்று முடிவு செய்து தட்டைத் தலையை அமைத்தார். மின்சாரத்தால் உயிர் பெற்ற உடலுக்கு மின்முனைகள் வேண்டுமென்று எண்ணிக் கழுத்தில் உலோகத் துண்டுகளைப் பொருத்தினார். கறுப்பு வெள்ளைப் படத்தில் பிணத்தின் வெளிறிய நிறம் தோன்றும் பொருட்டுப் பசுமை கலந்த சாம்பல் வண்ணத்தைப் பூசினார். ஒவ்வொரு நாளும் இவ்வொப்பனைக்குப் பல மணி நேரம் பிடித்தது.

அதனைப் பொறுமையுடன் ஏற்று அமர்ந்தவர் போரிஸ் கார்லாப். படத்தின் தொடக்கப் பட்டியலில் அவருடைய பெயருக்குப் பதிலாக ஒரு வினாக்குறியே காட்டப்பட்டது. பல்லாண்டுகள் சிறு வேடங்களில் உழன்ற அவர், ஏறத்தாழ 44ஆம் வயதில் இவ்வொரு படத்தால் உலகப் புகழ் பெற்றார்.

கார்லாப்பின் இயற்பெயர் வில்லியம் ஹென்றி பிராட். 1887இல் லண்டனில் பிறந்த அவர், இந்தியாவில் வேரூன்றிய ஆங்கிலோ இந்தியக் குடும்ப மரபினர். சயாம் அரண்மனையில் ஆசிரியராகப் பணியாற்றிப் பின்னர் நூல்களாலும் திரைப்படங்களாலும் புகழ் பெற்ற அன்னா லியோனோவன்ஸ், கார்லாப்பின் பாட்டியினுடைய உடன்பிறந்தவர். அன்னாவின் கணவர் 1859இல் பினாங்கில் இறந்து, அங்குள்ள பழைய கிறித்தவக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். ஹாலிவுட்டின் புகழ்பெற்ற அச்சமுகத்துக்கு உரியவரின் குடும்பக் கதை, இவ்வாறு இந்தியாவையும் மலாயாவையும் தொட்டுச் சென்றிருக்கிறது.

பெட்டிக்குள் வந்த பேய்

படம் வெளிவந்து ஒரு தலைமுறை கழிந்தது. 1957இல் யுனிவர்சலின் பழைய திகில் படங்கள் உள்ளிட்ட 52 படங்களின் தொகுப்பு அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்களுக்கு வழங்கப்பட்டது. தந்தையரை அரங்கில் அஞ்சவைத்த உருவங்கள், பிள்ளைகளை வீட்டுக் கூடத்திலேயே சந்தித்தன. அச்சமும் ஆர்வமும் ஒருங்கே கொண்ட புதிய கூட்டம் ஒன்று உருவாயிற்று.

இதனைக் கண்டுகொண்டது நியூயார்க்கை அடுத்த லாங் தீவில் இயங்கிய அவுரோரா என்னும் பிளாஸ்டிக் நிறுவனம். விமானங்களையும் கப்பல்களையும் சிறு பகுதிகளாக வார்த்து, பிள்ளைகள் தாமே ஒட்டிச் சேர்க்கும்படி பெட்டியில் இட்டு விற்பது அதன் தொழில். 1961இல் யுனிவர்சலிடம் உரிமம் பெற்று, பிராங்கன்ஸ்டைன் உருவத்தை அவ்வாறே வெளியிட்டது. கல்லறை அமைந்த பீடத்தின் மீது, கையை முன்னே நீட்டி, கனத்த காலணியுடன் அடியெடுத்து வைக்கும் உருவம் அது. உயரம் ஏறத்தாழ ஒரு சாண். விலை ஒரு டாலருக்கும் குறைவு. பெட்டியின் மேலட்டைக்கு ஓவியம் தீட்டியவர் ஜேம்ஸ் பாமா. பொம்மையைப் போலவே அவ்வோவியங்களும் பின்னாளில் சேகரிப்போரின் விருப்பத்துக்கு உரியவையாயின.

விற்பனை பெருகவே, 1962இல் டிராகுலாவும் ஓநாய் மனிதனும், 1963இல் மம்மியும் கருங்குளத்து உயிரியும் தொடர்ந்து வந்தன. 1969இல் இருளில் ஒளிரும் பகுதிகளைச் சேர்த்துப் பழைய உருவங்களையே மீண்டும் விற்றனர். பகலில் தாமே ஒட்டி, தாமே வண்ணம் தீட்டிய பேய், இரவில் படுக்கையருகே மெல்ல ஒளிர்ந்தது. தன் கையால் செய்த ஒன்றுக்கு எவரும் நெடுநாள் அஞ்சுவதில்லை. அச்சத்தை வென்ற மகிழ்ச்சியே அப்பொம்மையின் உண்மையான விற்பனைப் பொருள் எனலாம்.

எனினும் இவ்விளையாட்டுக்கு ஓர் எல்லை இருந்தது. 1971இல் சித்திரவதைக் கருவிகளும் அவற்றில் அகப்படும் பெண்ணுருவமும் கொண்ட புதிய வரிசை ஒன்றை அவுரோரா வெளியிட்டபோது பெற்றோர் கொதித்தெழுந்தனர். அவ்வாண்டில் அவுரோராவை வாங்கிய நபிஸ்கோ நிறுவனத்தின் அலுவலகத்தின் முன்பே மறியல் நிகழ்ந்தது, அவ்வரிசை கைவிடப்பட்டது. பேயைச் செய்து பார்க்கும் பிள்ளையைப் பொறுத்துக்கொண்ட பெற்றோர், துன்புறுத்திப் பார்க்கும் பிள்ளையைப் பொறுத்துக்கொள்ளவில்லை.

பொம்மை திரைப்படத்தை அப்படியே படியெடுத்ததும் இல்லை. 1931ஆம் ஆண்டுப் படத்தில் கார்லாப் இரு கைகளையும் விறைப்பாக நீட்டிக்கொண்டே நடக்கவில்லை. 1943இல் வந்த மற்றொரு படத்தில் அவ்வேடத்தைப் பேலா லுகோசி ஏற்றார். அக்கதையின்படி உருவத்துக்குப் பார்வை இல்லை. பார்வையிழந்ததைக் கூறும் உரையாடல்கள் பின்னர் வெட்டப்பட்டன. துழாவிச் செல்லும் கைகள் மட்டும் எஞ்சின. காரணம் மறைந்துபோக, நீட்டிய கை அவ்வுருவத்தின் அடையாளமாகவே நிலைத்துவிட்டது. ஒருவர் முகமும் மற்றொருவர் நடையும் சேர்ந்து உருவானதே மக்கள் மனத்தில் பதிந்த பிராங்கன்ஸ்டைன்.

முகம் யாருடையது?

மேரி ஷெல்லியின் கதையை எவரும் படமாக்கலாம். ஆனால் பியர்ஸ் அமைத்த முகத்தை யுனிவர்சலின் இசைவின்றி எவரும் பயன்படுத்த இயலாது. 1957 மே மாதத்தில் இங்கிலாந்தின் ஹாமர் நிறுவனம் அதே கதையை வண்ணப் படமாக வெளியிட்டபோது, வழக்குக்கு அஞ்சி முற்றிலும் வேறான ஒப்பனையைச் செய்துகொண்டது. அந்த முகத்தைத் தம் விரல்களால் படைத்த பியர்ஸோ நிறுவனத்தின் ஊழியர் மட்டுமே. 1940களின் பிற்பகுதியில் யுனிவர்சலை விட்டு நீங்கிய அவர் 1968இல் காலமானார். கடைதோறும் அடுக்கப்பட்டிருந்த பொம்மைகளின் உரிமம் அவருடையதன்று.

நடிகரின் நிலையும் இதுவே என்பதை ஒரு வழக்கு காட்டிற்று. டிராகுலாவாக 1931இல் நடித்த பேலா லுகோசி 1956இல் இறந்தார். அவர் மறைந்த பின்னர், டிராகுலா வேடத்தில் அவருடைய சாயலைப் பிளாஸ்டிக் பொம்மை, முகமூடி, சட்டை முதலியவற்றில் பதிக்கும் உரிமத்தை யுனிவர்சல் பலருக்கு விற்றது. ‘கதை உங்களுடையதாக இருக்கலாம், முகம் எங்கள் தந்தையுடையது’ என்னும் பொருள்பட, லுகோசியின் மகனும் மனைவியும் வழக்குத் தொடுத்தனர். 1972இல் கீழ் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஆயினும் 1979இல் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம், வாழ்நாளில் பயன்படுத்தப்படாத அவ்வுரிமை இறந்தவருடன் முடிந்துவிடுகிறது என்று கூறி அவர்களுடைய கோரிக்கையை ஏற்க மறுத்தது. 1984இல் அம்மாநிலம் தனிச்சட்டம் இயற்றிய பின்னரே, புகழ்பெற்றோரின் முகத்தின் மீது வழித்தோன்றல்களுக்கு உரிமை கிடைத்தது. ஒரு சாண் பொம்மை எழுப்பிய கேள்விக்கு விடை காண இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

கார்லாப், லுகோசி, சானி ஆகியோரின் வழித்தோன்றல்கள் பல்லாண்டு முயன்றதன் பயனாக, 1997இல் அமெரிக்க அஞ்சல் துறை அவ்வுருவங்களைத் தாங்கிய ஐந்து தபால் தலைகளை வெளியிட்டது. சாண் உருவம் விரல் நகத்தளவாயிற்று. அச்சத்தின் முகம் அரசின் முத்திரையையும் பெற்றுவிட்டது.

சிங்கப்பூரில் பிறந்த பொந்தியானாக்

ஹாமர் நிறுவனத்தின் படம் லண்டனில் வெளிவருவதற்குச் சில நாட்களுக்கு முன்னர், 1957 ஏப்ரல் 27ஆம் நாள், சிங்கப்பூர் கேத்தே அரங்கில் ‘பொந்தியானாக்’ என்னும் மலாய்ப் படம் திரையிடப்பட்டது. தயாரித்தது கேத்தே கெரிஸ் நிறுவனம். கதைத் தலைவியான கொமெல் அழகற்ற கூனி; மந்திர மருந்தால் அழகியாகிறாள்; பாம்பு தீண்டிய கணவனின் உடலிலிருந்து நஞ்சை உறிஞ்சும்போது குருதிச் சுவை கண்டு பேயாகிறாள். அவ்வேடத்தில் நடித்தவர் மரியா மெனாடோ. வாய்மொழியில் ஆயிரம் வடிவம் கொண்டிருந்த பொந்தியானாக், அன்றுமுதல் அவருடைய முகத்தைப் பெற்றாள். படம் வாரக்கணக்கில் ஓடி, அனைத்து இனத்தாரையும் அரங்குக்கு ஈர்த்தது.

இப்படத்தை இயக்கியவர் பி. என். ராவ். தமிழ்ப் படவுலகில் ‘ரம்பையின் காதல்’ (1939), ‘மதனகாமராஜன்’ (1941) முதலிய படங்களை இயக்கிய அதே ராவ்தான் இவர். 1950களில் சிங்கப்பூருக்கு வந்து மலாய்ப் படங்களை இயக்கினார். கந்தருவ உலகையும் மந்திர மாயங்களையும் தமிழ்த் திரையில் காட்டிப் பழகிய கை, மலாய் மக்களின் பேய்க்கும் திரை வடிவம் தந்தது. அவரே அவ்வாண்டில் ‘டெண்டாம் பொந்தியானாக்’, 1958இல் ‘சும்பா பொந்தியானாக்’ ஆகிய தொடர்ச்சிகளை எடுத்தார்.

அவர் தனித்து வந்தவர் அல்லர். மலாய்த் திரைப்படத்தின் முன்னோடியாகக் கருதப்படும் ‘லைலா மஜ்னூன்’ படத்தை இயக்கிய பி. எஸ். ராஜ்ஹான்ஸும் இந்தியரே. சென்னை மாகாணத்தில் பிறந்து இளமையிலேயே மலாயாவுக்கு வந்த எல். கிருஷ்ணன், 1950இல் ‘பக்தி’ படத்தின் வழியாக பி. ரம்லியைக் கதைத்தலைவனாக அறிமுகப்படுத்தினார்; 1958இல் ‘ஓராங் மிஞாக்’ என்னும் திகில் படத்தையும் இயக்கினார். மலாய்ப் பேய்க்கதை, சீன முதலாளியின் பணம், இந்திய இயக்குநரின் கைத்திறன் ஆகிய மூன்றும் சேர்ந்து விளைந்தவை அப்படங்கள். இந்நாட்டு மக்கள் ஒன்றுகூடி வாழ்ந்ததற்கு அவற்றைவிடச் சிறந்த சான்று தேடுவது அரிது.

அத்தகைய ‘பொந்தியானாக்’ படத்தை இன்று எவரும் பார்க்க இயலாது. முதல் படத்தின் படச்சுருளும் இரண்டாம் படத்தின் படச்சுருளும் அழிந்துபோயின. தயாரிப்பாளர்களில் ஒருவரே அவற்றை நீரில் எறிந்துவிட்டார் என்றும் ஒரு செய்தி வழங்கிவருகிறது. மூன்றாம் படமான ‘சும்பா பொந்தியானாக்’ மட்டும் தப்பியது. எஞ்சிய கேத்தே கெரிஸ் மலாய்ப் படங்கள் 91ஐயும் ஒரு தொகுப்பாகக் கொண்டு, யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் நினைவுப் பதிவேடு 2014இல் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. பேயை ஆணி அறைந்து அடக்கலாம் என்பது கதை. பேய்ப்படத்தை அடக்க ஆணி தேவைப்படவில்லை, கவனமின்மையே போதுமானதாயிற்று.

பொம்மை உணர்த்தும் பாடம்

இரு வரலாறுகளையும் அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும். அமெரிக்காவில் ஒரு டாலருக்கும் குறைவாக விற்ற பொம்மையைப் பிள்ளைகள் வாங்கினர். அவர்களே வளர்ந்து பெரியவர்களான பின், திறக்கப்படாத பழைய பெட்டிகளைப் பன்மடங்கு விலை கொடுத்துத் தேடினர். பொம்மையைத் தேடியவர்கள் பெட்டிக்கு ஓவியம் தீட்டியவரைத் தேடினர். ஒப்பனை செய்தவரைத் தேடினர். ஊழியராக மட்டுமே கருதப்பட்ட ஜாக் பியர்ஸின் பெயர் இன்று மதிப்போடு கூறப்படுவதற்கு அத்தேடலும் ஒரு காரணம். நிறுவனம் இலாபத்துக்காகச் செய்த சிறு பொருள், நிறுவனம் மறந்த மனிதரையும் காப்பாற்றிக் கொடுத்தது.

கொமெலின் முகத்தைக் காத்தவையோ சில நிழற்படங்களும் சுவரொட்டிகளும் நாளிதழ் விளம்பரங்களும் பார்த்தவர்களின் நினைவும் மட்டுமே. நினைவு மனிதரோடு மறைவது. மரியா மெனாடோவின் பெயரை நாடு அறியும். பி. என். ராவின் பெயரைத் தமிழ் மாணவரிடம் கேட்டால் விடை வருவது அரிது. மலாய்த் திரைப்பட வரலாறு அவரை இந்தியர் என்று கூறி நகர்கிறது. தமிழ்த் திரைப்பட வரலாறு அவரைக் கடல் கடந்தவர் என்று கூறி நகர்கிறது. இரண்டுக்கும் இடையில் ஒரு கலைஞர் நழுவிப் போகிறார்.

பெரிய நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் மட்டுமே வரலாற்றைக் காப்பன என்று எண்ணுவது பிழை. பாச்சாங்கில் ஒரு வீட்டு அலமாரியின் அடித்தட்டில் கிடக்கும் படக்கொட்டகைச் சீட்டு, தோட்டத்து வெட்டவெளித் திரைக்காக அச்சிட்ட துண்டு விளம்பரம், ‘அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வாழைமரத்துப் பக்கம் ஒரு மாதம் போகவில்லை’ என்று பாட்டி சொல்லும் ஒரு சொல் ஆகிய இவையும் வரலாறே. வகுப்பில் கட்டுரை எழுதப் பணிக்கும் ஆசிரியர், ஒரு முறையேனும் அலமாரியைத் திறந்து பார்க்கவும் பாட்டியிடம் அமர்ந்து கேட்கவும் மாணவரைப் பணிப்பாராயின், அழிந்த படச்சுருளில் ஒரு சிறு பகுதியேனும் சொல்லாக மீளும்.

சாண் உயரப் பிளாஸ்டிக் பொம்மை கலைப்படைப்பு அன்று. அறிவு நூலும் அன்று. ஆயினும் அதை ஒருவர் எறியாமல் வைத்திருந்தார். அந்த எளிய செயலே ஒரு முகத்தையும், அம்முகத்தைப் படைத்தவரையும் அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசேர்த்தது. பேய்க்கு அஞ்சும் காலம் மனிதனுக்கு விரைவில் கடந்துவிடுகிறது. மறதிக்கு அஞ்ச வேண்டிய காலமோ ஒருநாளும் கடப்பதில்லை.